எந்த இசக்கிமுத்து

"ரசிகப் பெருமக்களே, இது இடைவேளை, இடைவேளை மட்டும்தான், யாரும் எழுந்து போயிராதீங்க, ரெண்டாவது பாதி இதைவிடச் சூடா இருக்கும்" என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வாய்க்கென்ன, அது சொல்லும். கபடி மைக்கைப் பிடித்தே பழகிப்போன வாய், சிவனணைந்தபெருமாளைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது? அதுபாட்டுக்கு பத்திரகாளி செங்கல் சூளைக்கு நன்றி சொன்னது, பந்தல்காரருக்கு நன்றி சொன்னது, வழியை மறித்து நிற்கும் சிவப்பு பைக்கை எடுக்கச் சொன்னது. மனசு மட்டும் மேசைக்கு வந்துபோன மருமகனின் கணுக்காலிலேயே கிடந்தது. அக்கா மகன் இசக்கிமுத்து. சற்று முன்னால்தான் ஐஸ் கட்டி கேட்டு வந்தான். பனியன் இல்லாத உடம்பு, தோளில் துண்டு, காலில் சுற்றிய ஈரத்துணி. "எப்பல அடி பட்டுச்சு? இப்பத்தான பாடிப் போயி மூணு பேரைத் தொட்டுட்டு வந்தே?" என்று இவர் கேட்க, அவன் ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு மேசை மேல் கவிழ்ந்து காதோடு சொன்னான். "நான் மொத ரெய்டுலயே கால் பெரண்டு வெளிய வந்துட்டேன்லா மாமா. இன்னொரு இசக்கி பனியன் கிழிஞ்சுபோச்சு, கிழிஞ்சத போட்டு ஆட விடமாட்டாங்கள்லா, அதான் என் ஏழாம் நம்பரக் கழட்டிக் குடுத்தேன்." இவருக்கு மைக்கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவன் இன்னும் குனிந்தான். "தெரிஞ்சுதான மாமா மைக்குல மருமவப்பிள்ள மருமவப்பிள்ளன்னு சொன்னிய? ரொம்ப தேங்க்ஸ் மாமா." சொல்லிவிட்டு ஐஸ் கட்டியை வாங்கிக்கொண்டு நொண்டியபடி போய்விட்டான்.

தேங்க்ஸாம். அட பாவி மட்டை, எதுக்குல தேங்க்ஸ்? அப்படியானால் முதல் பாதி பூராவும் ஏழாம் நம்பரில் பாடிப் போனது அவன். அந்த இன்னொரு இசக்கிமுத்து. இந்தச் சுற்றுவட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஓர் இசக்கிமுத்து மேல்தான் விழ வேண்டும். இசக்கியம்மனைக் கும்பிடுகிற வீட்டில் மூத்தது ஆணாய்ப் பிறந்தால் வேறு பேர் வைக்க யாருக்குத் தைரியம் வரும்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இசக்கி என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும். ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவன் ஒரு இசக்கி, பரிசு வாங்கப் போனவன் ஒரு இசக்கி என்று சின்ன வயசில் கேலி பேசியதுண்டு. இந்த அணியிலேயே ரெண்டு பேர். ஒருத்தன் அக்கா சண்முகக்கனியின் மகன், இன்னொருத்தன் உப்பளத்தில் உப்பு சுமக்கிற பேச்சித்தாயின் மகன். ரெண்டும் ஒரே உயரம், ஒரே நெஞ்சு அகலம். முன்பாவது இவனுக்குச் சுருட்டை முடி, அவனுக்கு நெற்றியில் விழுகிற முடி என்று ஒரு அடையாளம் இருந்தது. கோப்பை கிடைக்க வேண்டும் என்று போன வாரம் அணி மொத்தமும் அம்மன் கோவிலில் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. களத்தில் இறங்கியதும் ஏழு மொட்டையும் செம்மண்ணில் புரண்டு எழுந்தால் பெத்தவளுக்கே தெரியாது. அப்புறம் என்ன, நம்பர்தான் கதி. ஏழு என்றால் நம்மவன், நாலு என்றால் பேச்சித்தாய் மகன். நன்கொடை கொடுத்தவர்கள் பேரைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பனியன் கை மாறியிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் ஏழு உள்ளே நிற்கிறது, நாலைக் காணோம். அப்போ வெளியே போனது நாலு. "நாலாம் நம்பர் இசக்கிமுத்து அடிபட்டு வெளியேறுகிறார், அவர் விரைவில் குணமடைய வேண்டுகிறோம்" என்று உருக்கமாக வேறு சொல்லித் தொலைத்தாரே! கணக்கு சரியாகத்தானே இருந்தது.

மஞ்சள் சட்டை போட்ட குழந்தை ஒன்று மேடை அருகே அழுதுகொண்டிருக்கிறது, உரியவர்கள் வந்து கூட்டிச்செல்லவும். வாய் சொல்லியது. பிள்ளையைத் தொலைத்தவளுக்கு மைக்கில் சொல்லிவிடலாம். இதை யாரிடம் சொல்வது? மற்ற எவனாவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் நம்பரைப் பார்த்துச் சொன்னேன் சார், மாறிப்போச்சு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவான். பெருமாள் சொன்னால் எவன் நம்புவான்? வெளியே உட்கார்ந்திருந்தவன் சொந்த அக்கா மகன். தூக்கி வளர்த்த பிள்ளை. அவனை உனக்குத் தெரியலையா, நடையைப் பார்த்தா தெரியாதா, தொடையைத் தட்டுகிற தட்டில் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியவில்லையே. சத்தியமாகத் தெரியவில்லையே. அதுதானே விஷயம். கண் ஓரம் இருட்டி வருகிறது. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும்தான் கொஞ்சம் வெளிச்சம், அதுவும் சாயங்காலமானால் பால் கலந்த மாதிரி. நரம்பு காய்ந்து வருகிறது, போனது போனதுதான், இருக்கிறதையாவது காப்பாத்துவோம் என்று சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார் டாக்டர். அதை வேட்டி மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது விட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்தால் தூசி என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். வீட்டுக்காரிக்கே பாதிதான் தெரியும். வாரம் முழுக்க ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிற ஆள், ஞாயிற்றுக்கிழமை ஆனால்தான் அண்ணாச்சி. பஸ்ஸில் முன்பின் தெரியாதவன் எழுந்து இடம் கொடுப்பது இந்தக் குரலுக்குத்தான். கண்ணு தெரியாதவன் கையில் எவன் மைக்கைக் கொடுப்பான்? ஆக, ஒன்று பெருமாள் களவாணி, இல்லையென்றால் பெருமாள் குருடன். மூணாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று மனசு தடவித் தடவிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை.

பேசாமல் இருந்துவிட்டால்? பேசாமல் இருப்பது ஒரு வழிதானே. யாருக்குத் தெரியும்? ஸ்கோர் எழுதுகிறவர் நம்பரைத்தான் எழுதுகிறார், நடுவருக்கு விசிலைத் தவிர வேறொன்றும் தெரியாது, ஜனங்களுக்கு எந்த இசக்கியாக இருந்தால் என்ன, புள்ளி வந்தால் கைதட்டுவார்கள். ஆனால் பக்கத்து நாற்காலியில் தங்கதுரை சார் உட்கார்ந்திருக்கிறாரே. வடக்கே ஏதோ பெரிய கம்பெனியின் கபடி அணிக்கு ஆள் எடுக்க வந்திருப்பவர். எடுத்தால் விளையாட்டு மட்டுமில்லை, நிரந்தர வேலையும் சேர்த்து. மனுசன் முதல் பாதி பூரா போனையே நோண்டிக்கொண்டிருந்தார். கூட்டம் கத்தினால் மட்டும் தலையைத் தூக்கி, "யாரு அது?" என்பார். இவரும் மைக்கைப் பொத்திக்கொண்டு, "நம்ம அக்கா மவன் சார், இசக்கிமுத்து" என்பார். எத்தனை தடவை சொல்லியிருப்பார்! சொல்லும்போது நாக்கில் என்ன ஒரு இனிப்பு! கடைசியில் அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு அண்ணாச்சி. இடைவேளை முடியறதுக்குள்ள உங்க அக்கா மகனைக் கூப்பிடுங்க. ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கிளம்பிருவேன். இந்த ஊர்ல ஒரு ஆள்தான் எடுக்கப் போறேன், அது அவன்தான்" என்று சொன்னபோது பெருமாளுக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. அதற்கு அப்புறம்தானே அவன் வந்து ஐஸ் கட்டி கேட்டான்.

காலையில் அக்கா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாளே. "மைக்கு உன் கையிலதான தம்பி இருக்கு. அவன் பேரை ரெண்டு வாட்டி கூடச் சொன்னா தேஞ்சா போயிரும்?" இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் ஆடினா சொல்லுதேன், ஆடாட்டா சொல்ல மாட்டேன். மைக்கு என்ன நம்ம அடுப்பங்கரை சாமானா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். அவள் முகம் தொங்கிப்போயிற்று. அவள் மேலும் தப்பில்லை. அவனுக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது, அடுத்த வருசம் என்றால் எந்த அணியும் சேர்க்காது, ரெண்டு தேர்வில் கடைசி நேரத்தில் கழித்துக்கட்டிவிட்டார்கள். அக்கா வீட்டுத் தெரு முனை வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது. இந்நேரம் அவள் வாசல்படியில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருப்பாள். தம்பி காலையில் அப்படிப் பேசினான், ஆனாலும் பாரு, ரத்தம் விட்டுக்கொடுக்கலையே என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருப்பாள். ஐயோ, சொல்லியிருப்பாளே. மருமகனும் அப்படித்தானே நினைத்துவிட்டான். பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, அவன் பாடாத பாட்டுக்கெல்லாம் அவன் பேரைக் கேட்டுக்கொண்டு, எந்திரிச்சு வந்து நான் இல்ல மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்தப் பய! எப்படிச் சொல்லுவான்? கால் பிசகிய நேரத்தில் வானத்திலிருந்து விழுந்தது அவன் மடியில். இவர் அவன் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பாரா? அதுதான் தெரியவில்லை.

"அண்ணாச்சி, சாருக்கு நேரமாகுதுல்லா, கூப்பிடுங்க" என்று கமிட்டிச் செயலாளர் லிங்கதுரை பின்னாலிருந்து முதுகைத் தொட்டான். கூப்பிடுதேன், கூப்பிடுதேன், இருப்பா. கோப்பையை வழங்கும் பெரியவருக்கு மறுபடியும் ஒரு நன்றி சொன்னது வாய். சொன்ன நன்றியையே எத்தனை முறை சொல்வது? சரி, நம்மவனை எடுத்துத்தான் பாருங்களேன், அவன் ஒன்றும் சோடையில்லை, கால் நல்லா இருந்தால் அவனும் இந்த மாதிரி ஆடக்கூடியவன்தான். அப்படிப் பார்த்தால் பெரிய பொய் இல்லை. ஒரு சின்ன மாற்றம். பேரும் ஒன்று, அணியும் ஒன்று, பனியனும் அவனோடதுதான். இசக்கிமுத்து ஆடினான், இசக்கிமுத்துக்கு வேலை கிடைத்தது. இதில் எது பொய்? இப்படிச் சமாதானம் பண்ணிக்கொண்டு மனசு கொஞ்சம் மூச்சு விடுகிற நேரத்தில்தான் அந்த நெஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. மூணு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி விழுந்தவன் எழுந்ததும், கூட்டத்தைப் பார்க்காமல், கூட ஆடுகிறவர்களைப் பார்க்காமல், நேரே மைக்கைப் பார்த்துத் திரும்பி நின்றான். உள்ளங்கையால் நெஞ்சில் தட்டினான். திரும்பவும் தட்டினான். இவர் அதை வேறு விடவில்லை. "நெஞ்சைத் தட்டிக் காட்டுகிறார் எங்கள் வீட்டு மருமகப்பிள்ளை! இந்த நெஞ்சில் பயம் கிடையாது என்கிறார்!" என்று தொண்டை கிழியக் கத்தினார், ஜனம் விசிலடித்தது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு அவன் இடத்துக்குப் போனான். இந்தக் குழாய்க்கண் அதை நடுவில் வைத்துத்தான் பார்த்தது, நன்றாகவே பார்த்தது. வீரமாவது மண்ணாவது. நான் அண்ணாச்சி, நான், என்றல்லவா சொல்லியிருக்கிறான். அத்தனை பேர் நடுவில், வாயைத் திறந்து சொல்ல வழியில்லாமல் கையால் சொல்லியிருக்கிறான்.

போன வருசம் ஒரு ஆட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கப் போனபோது அவன் வந்து தயங்கித் தயங்கி நின்றதும் சேர்ந்து ஞாபகம் வந்தது. வரக்கூடாதது எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு இப்போதுதான் வரும். "அண்ணாச்சி, என் பேரைச் சொல்லையில எங்க அம்மை பேரையும் சேத்துச் சொல்லுவியளா? காத்து உப்பளத்துப் பக்கமா அடிச்சா அங்க மைக்கு சத்தம் கேக்குமாம். எந்த இசக்கின்னு தெரியலன்னு அவ சொல்லுதா." இவர் சிரித்தார். "கபடியில அம்மை பேரு எதுக்குல? நீ என்ன பள்ளிக்கூடத்துல சேரவா வந்திருக்கே?" அவனும் சிரித்துவிட்டுத்தான் போனான். இன்று காற்று எந்தப் பக்கம்? பந்தல் துணி மேற்கே பார்த்து அடித்துக்கொள்கிறது, கடல் காற்று, கடலோர உப்பளத்தில் இருப்பவளுக்கு ஒன்றும் எட்டாது என்று ஒரு கணம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் அவரைப் பயமுறுத்தியது. தெரியாமல் செய்த தப்பு எந்த நேரத்தில் தெரிந்து செய்கிற தப்பாக மாறும்? இடைவேளை முடிகிற விசிலிலா? இல்லை, மாறிவிட்டதா ஏற்கெனவே? மருமகன் ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு போனதிலிருந்து இவர் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறாரே, அதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? தங்கதுரை சார் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இசக்கிமுத்து, மேடைக்கு வரவும்" என்றது வாய். பழகின வாய், நிறுத்தத் தெரியாதது. "இசக்கிமுத்து உடனடியாக மேடைக்கு வரவும்." களத்தின் அந்தக் கோடியில் செம்மண் நிறத்தில் ஏதேதோ அசைந்தன. எல்லாம் மொட்டைத் தலை. ஒன்று எழுந்தது, இவரைப் பார்த்து வர ஆரம்பித்தது. யாரென்று தெரியவில்லை. வந்துகொண்டே இருந்தது, தெரியவில்லை, கடவுளே, தெரியவில்லை. பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வருவதை அவர் கண்டார். நொண்டுகிறது. அப்போது இது நம்மவன். இவர் தோளில் உட்கார்ந்து சப்பரம் பார்த்தவன். அவனுக்குப் பின்னால், எல்லைக்கோட்டில், இன்னொன்று அசையாமல் நின்றது. பேர் கூப்பிட்டும் வரவில்லை. அது தன்னைக் கூப்பிட்ட பேரில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

"ஏல, நொண்டிக்கிட்டு வாரவனே, நீ அங்கயே நில்லு" என்றார் பெருமாள். மைக்கில்தான் சொன்னார். குரல் அவருக்கே யாரோ பேசுவது போல இருந்தது, எப்போதும் மைக்கில் போட்டுக்கொள்கிற சட்டையைக் கழற்றிவிட்டு வந்த குரல். "கோட்டுக்கிட்ட நிக்கிற இசக்கிமுத்து, நீ வா மக்கா. ரசிகப் பெருமக்களே, மொதப் பாதியில ஏழாம் நம்பர் போட்டு ஆடினது எங்க அக்கா மவன் இல்ல. அது பேச்சித்தாய் மவன் இசக்கிமுத்து. எல்லாப் புள்ளியும் அவன் எடுத்தது. தங்கதுரை சார், நீங்க கேட்ட ஆளு அவன்தான். நான் மாத்திச் சொல்லிட்டேன்." கூட்டம் கசகசத்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "மாத்திச் சொன்னீரா, மருமவனுக்காகச் சொன்னீரா அண்ணாச்சி?" என்றது. சிரிப்பு அலையாக எழும்பி வந்தது. அந்தச் சிரிப்பை அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள், படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். பெருமாள் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டார். "இல்லல, சத்தியமா இல்ல. எனக்கு… எனக்குக் கண்ணு தெரியல. கொஞ்ச நாளாவே தெரியல" என்றார். குழாய் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் அதைத் தெருத்தெருவாகத் திருப்பிச் சொன்னது. சிரிப்பு நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

லிங்கதுரை வந்து, "குடுங்க அண்ணாச்சி" என்றான். அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளைத்தாச்சியைப் பிடிக்கிற மாதிரி முழங்கையைப் பிடித்து, பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தான். கையில் யாரோ கலர் சோடாவைத் திணித்தார்கள். மேசைப் பக்கம் தங்கதுரை சாரின் குரலும், அதற்கு "ஆமா சார், ஆமா சார்" என்று நடுங்குகிற ஒரு குரலும் கேட்டன. அது அவன் குரல்தான், அது நன்றாகத் தெரிந்தது. அக்கா இனி வாசல் பக்கம் விடுவாளா? காலையில் காபி கொடுத்தாளே, அந்த டம்ளரைக் கூடக் கழுவியிருக்க மாட்டாள். நாளைக்கு ஆணி நிறுக்கும்போது கடைக்காரர் தராசைத் தானே வாங்கிப் பார்ப்பாரோ? பார்ப்பார், பார்க்காமல் இருப்பாரா? விசில் ஊதியது. லிங்கதுரையின் குரல் மைக்கில் வந்தது, கரகரவென்று, மூச்சு வாங்க, எதை எங்கே இழுக்க வேண்டும் என்று தெரியாத குரல். "ரெண்டாம் பாதி ஆரம்பம்… இசக்கிமுத்து பாடிப் போறாரு… இசக்கிமுத்து…" ஜனம் ஓவென்று கத்தியது. பெருமாள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழாய்க்குள் செம்மண்ணும் வெயிலும்தான் இருந்தன. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பது உடம்புச் சூட்டில் தெரிந்தது. எப்போது வந்து உட்கார்ந்தார்கள் என்று தெரியவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை. "எய்யா, பாடிப் போறது எந்த இசக்கி?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்தவன் காலை நகர்த்தி வைத்தான். ஐஸ் கட்டித் தண்ணீர் பெஞ்சிலிருந்து வழிந்து அவர் வேட்டியை நனைத்தது.

"நான் இல்ல மாமா" என்றான்.